சென்னையிலிருந்து மதுரைக்கு நண்பன் கல்யாணம்: சனி போய் ஞாயிறு திரும்பும் கார் பயணத்துக்கு முழு வழிகாட்டி

ஐந்து பேர், ஒரு கார். சனிக்கிழமை மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம், திங்கள் காலை ஆபீஸ். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். கல்லூரி நண்பர்களின் கல்யாணங்களுக்காக இதே சாலையில் இதே மாதிரி பலமுறை போய் வந்திருக்கிறேன். முதல்முறை ஏற்பாடு செய்பவர்கள் எந்த இடங்களில் தடுமாறுகிறார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசை மாறினால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

1. திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் திட்டத்தைத் தொடங்குவார்கள். நீங்கள் ஞாயிறு மதியத்தில் தொடங்குங்கள். காரணம் எளிது. போகும்போது எல்லோரும் தூங்கி எழுந்து உற்சாகமாக இருப்பார்கள். திரும்பும்போது அதிகாலை எழுந்த களைப்பு, கல்யாணச் சாப்பாடு, வெயில் மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஆபத்து அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. காலை முழுவதும் காலியாக இருப்பதால் முகூர்த்தம் 6 மணிக்கும் இருக்கலாம், 9 மணிக்குப் பிறகும் இருக்கலாம். இந்த வித்தியாசம் உங்கள் திட்டம் முழுவதையும் மாற்றிவிடும்.

முகூர்த்தம் 6 முதல் 7.30 என்றால் டிபன் சாப்பிட்டு 9.30-க்குக் கிளம்பி, மாலை 6.30 வாக்கில் வீடு சேரலாம். முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றால் பந்தி முடிந்து கிளம்பவே 11.45 ஆகும். ஞாயிறு மாலை செங்கல்பட்டுக்கு மேல் ஊர் திரும்பும் கூட்டம் சேர்ந்துவிடும். பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு சேர இரவு 9.30 ஆகும்.

இந்த இரண்டாவது வகைக் கல்யாணம் என்றால் என் யோசனை ஒன்றுதான்: திங்கட்கிழமை ஒரு நாள் லீவு சொல்லிவிடுங்கள். ஞாயிறு மாலை வரை தூங்கி எழுந்து, வழியில் திருச்சியில் தங்கிக்கூட வரலாம். லீவு கிடைக்காத ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள். இரவு மதுரையில் ஏறினால் விடியற்காலை எழும்பூர். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால், பத்திரிகை கைக்கு வரும்வரை காத்திருக்காமல் தேதி தெரிந்த அன்றே போட வேண்டும். ஒருவருடைய திங்கட்கிழமை அவசரத்துக்காக மற்ற நான்கு பேரும் தூக்கக் கலக்கத்தில் பயணிப்பது நியாயமில்லை.

2. மண்டபத்தை உறுதி செய்யுங்கள்

மதுரையில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மண்டபங்கள் இருக்கலாம். மஹால், திருமண மஹால், ஏசி மஹால் என்று வால் மட்டும் மாறும். பெயரை மேப்பில் தட்டி முதலில் வருவதை நம்பி, நாங்கள் ஒருமுறை வேறு யாருடைய ரிசப்ஷன் வாசலிலோ போய் நின்றோம். வரவேற்பில் பன்னீர் தெளித்த பிறகுதான் பேனரில் இருந்த பெயரைப் பார்த்தோம். சரியான மண்டபம் ஊரின் மறுபக்கம். சனிக்கிழமை மாலை நெரிசலில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

பத்திரிகையில் உள்ள சாலையின் பெயரைப் பாருங்கள். அது அழகர்கோவில் சாலையா, திருப்பரங்குன்றம் பக்கமா, புது நத்தம் சாலையா என்பதுதான் ஊருக்குள் எந்த வழியாக நுழைவது என்பதைத் தீர்மானிக்கும்.

லொகேஷனை மாப்பிள்ளையிடம் கேட்காதீர்கள். கல்யாண வாரத்தில் அவனுக்கு ஒரு நாளைக்கு நூறு போன் வரும். வீட்டில் பொறுப்பாக ஓடியாடும் ஒருவர் கட்டாயம் இருப்பார்: தம்பி, மச்சான், சித்தப்பா மகன். அவருடைய எண்ணை வாங்கி, "அண்ணே, நாங்க மெட்ராஸ்ல இருந்து அஞ்சு பேர் வர்றோம்" என்று ஒரு வாரத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். லொகேஷன், ரூம், பார்க்கிங் மூன்றுக்கும் அவரே பதில் சொல்வார்.

ரிசப்ஷன் எங்கே என்றும் தனியாகக் கேளுங்கள். சில கல்யாணங்களில் ரிசப்ஷன் ஒரு மண்டபத்திலும் தாலி கட்டு கோயிலிலும் நடக்கும்.

3. ரூம் போடுங்கள்

வண்டியைப் பற்றி யோசிக்கும் முன்பே ரூமை முடித்துவிடுங்கள். வளர்பிறை முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், அதே நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம் இருக்கும். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் மதுரையில் நல்ல லாட்ஜ்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மண்டபத்திலேயே ரூம் தருகிறோம் என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த ரூமில் உறவினர்கள், குழந்தைகள், பெட்டிகள் எல்லாம் இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு நாதஸ்வரமோ ஸ்பீக்கரோ தொடங்கிவிடும். கார் ஓட்டப்போகிறவர்களுக்கு அங்கே தூக்கம் வராது. குறைந்தது ஓட்டுநர்கள் இருவருக்காவது வெளியே ஒரு ரூம் போடுங்கள். மற்றவர்கள் மண்டபத்தில் இருந்து கொண்டாடலாம்.

காலை 11 மணிக்கெல்லாம் காலி செய்ய வேண்டுமா, 24 மணி நேரக் கணக்கா என்று லாட்ஜில் கேட்டுக்கொள்ளுங்கள். சனி மதியம் 1.30-க்கு ரூம் எடுத்தால், 24 மணி நேரக் கணக்கில் ஞாயிறு மதியம் வரை ஓய்வெடுக்க இடம் இருக்கும்.

4. யார் வருகிறார்கள், யார் ஓட்டுகிறார்கள்

ஐந்து பேர் காரில் ஐந்து பேர் போகலாம். ஆனால் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் எட்டு மணி நேரம் உட்காருவது சுலபமில்லை. நான்கு பேர் என்றால் பயணம் சுகமாக இருக்கும். ஐந்தாவது ஆள் நெருங்கிய நண்பன் என்றால் கூட்டிப்போங்கள், நடு சீட்டில் சுழற்சி முறையில் உட்காருங்கள்.

ஓட்டுவதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். லைசென்ஸ் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நகரத்துக்குள் மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு நெடுஞ்சாலை புதிது. லாரியைக் கடக்கும் நேரம், எதிர்த்திசையில் ஓரமாக வரும் டூவீலர், மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டர் எல்லாம் பழக்கத்தில் வருபவை. அப்படிப்பட்டவர் ஓட்ட விரும்பினால் காலை வெளிச்சத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு கூட்டம் குறைந்த இடத்தில் கொடுங்கள்.

யார் எந்தப் பகுதியை ஓட்டுவது என்று முன்கூட்டியே எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். "களைப்பா இருந்தா மாத்திக்கலாம்" என்று விட்டால் யாரும் தனக்குக் களைப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றுங்கள், களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

5. யாருடைய கார், என்ன காகிதங்கள்

நண்பர் ஒருவரின் சொந்தக் கார் என்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஓட்டுபவர்களின் லைசென்ஸ் நான்கும் வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும். ஆனால் தேதியைப் பாருங்கள். புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, ஏனென்றால் அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதாக இருந்தால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியை மட்டும் எடுங்கள். அதுதான் சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். அப்போது அந்த மிச்சம் ஒன்றுமே இல்லை.

6. பணத்தைப் பேசி முடியுங்கள்

பணப்பேச்சைக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். பயணம் முடிந்த பிறகு கேட்க எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும், ஒருவர் தலையில் சுமை விழும்.

பெட்ரோல் கணக்கு இப்படி: போக 460, வர 460, ஊருக்குள் சுற்ற 60 முதல் 80. மொத்தம் 1,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஆள் நிறைந்த காரில் ஏசி போட்டு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் 67 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 6,700 ரூபாய். இதனுடன் டோல், ரூம், வழிச் சாப்பாடு.

கார் கொடுப்பவரிடம் பெட்ரோல் பங்கு வாங்காதீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் டயரும் ஆயிலும் அவருடையதுதான் தேய்கிறது. மீதி நான்கு பேர் பிரித்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

கூட்டாகப் பரிசு கொடுப்பதாக இருந்தால் ஒரே ஒருவர் பொருளாளர். ஒரு வாரத்துக்கு முன்பே எல்லோரும் அவருக்கு அனுப்பிவிட வேண்டும். பரிசு டிக்கியில் படுக்கும் அளவில் இருக்கட்டும். கண்ணாடி போட்ட பெரிய படம் வாங்கி, அதை எட்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம், அல்லது கவரில் பணம்.

7. ஃபாஸ்டேக்

இந்த வழியில் சுங்கச் சாவடிகள் வரிசையாக இப்படி வரும்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. போக எட்டு, வர எட்டு.

வெள்ளிக்கிழமையே இருப்பைப் பார்த்து ரீசார்ஜ் செய்யுங்கள். சாவடி வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால் உடனே ஏறும் என்று உறுதியில்லை. டேக் வேலை செய்யாமல் ரொக்கம் கொடுத்தால், 2025 விதிப்படி இரண்டு மடங்கு. 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அதனால் அந்த நிலை வந்தால் ரொக்கத்தை எடுக்காதீர்கள், போனை எடுங்கள்.

ஒரே சாவடியை 24 மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தால் திரும்பும் கட்டணம் பாதிதான். மதுரைக்குப் பக்கத்துச் சாவடிகளில் நீங்கள் திரும்பும் நேரத்தைப் பொறுத்து இது கிடைக்கலாம், பரனூரில் கிடைக்காது. இதற்காக அவசரப்பட்டு ஓட்ட வேண்டாம். அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கான வருடப் பாஸ் இருக்கிறது (2025-இல் தொடங்கியபோது 3,000 ரூபாய்). 200 முறை கடக்கலாம். இந்த ஒரு கல்யாணத்திலேயே 16 போய்விடும், ஆனாலும் லாபம்தான்.

8. புதன்கிழமைக்குள் வண்டியைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை மாலை மெக்கானிக்கிடம் போனால், ஏதாவது பழுது கண்டுபிடித்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. அதனால் புதன்கிழமை.

டயர்தான் முதல். காற்று அளவு ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் ஆள் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். டயர் சூடாகும் முன், வீட்டுக்குப் பக்கத்து பங்கில் காற்றுப் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் தவறாகிவிடும்.

அடுத்தது ஸ்டெப்னி. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். திருமாந்துறைக்கு அருகே பஞ்சராகி ஸ்டெப்னியை எடுத்தபோது அதில் காற்றே இல்லை. அந்த ஒரு மறதியால் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம், ரிசப்ஷனுக்குப் போனபோது மேடை காலியாகிக்கொண்டிருந்தது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று கையால் எடுத்துப் பாருங்கள்.

பிறகு கூலன்ட், பிரேக், ஹெட்லைட் இரண்டும், வைப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் என்றால் வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

9. வெள்ளி இரவு: டிக்கியை அடுக்குங்கள், தூங்குங்கள்

பெட்டிகளை வெள்ளி இரவே வண்டியில் ஏற்றுங்கள். விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பதினைந்து நிமிடம் போனால், ஐந்து வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். இன்னும் நல்லது, எல்லோரும் தாம்பரம் பக்கத்தில் ஒருவர் வீட்டில் வெள்ளி இரவு தங்கிவிடுவது. அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்கள் வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூரில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கல்யாண உடுப்பை அணிந்துகொண்டு பயணம் செய்யாதீர்கள். ரிசப்ஷனுக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டி மேலே ஒரு துணி போர்த்தி எடுத்து வாருங்கள். லாட்ஜில் இஸ்திரிப் பெட்டி தேடி அலைவது பெரிய வேலை. சேலைக்கு ஊக்கு, மேட்ச்சிங் பாவாடை. வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவருக்கு ஒட்டு வேட்டி. மண்டபத்துக்குப் பழைய செருப்பு போதும், ஏனென்றால் மேடையேறும்போது கழற்ற வேண்டியிருக்கும்.

கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டியவை: தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய், வாந்தி வருபவர் இருந்தால் எலுமிச்சம்பழமும் கவரும், சார்ஜர், பத்திரிகை. பின்கண்ணாடி ஓரத்தில் பைகளை வைக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் அவை தலைக்குத்தான் வரும்.

இரவு 9.30-க்கு ஓட்டுநர்கள் இருவரும் படுத்துவிட வேண்டும். வெள்ளி இரவு ஆபீஸ் முடிந்து அப்படியே 11 மணிக்குக் கிளம்புவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். விடியற்காலை 2 முதல் 5 வரை உடம்பு தானாகத் தூங்கப் பார்க்கும் நேரம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியில் கார்கள் மோதுவது அந்த நேரத்தில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம்.

10. சனிக்கிழமை: சாலையும் நிறுத்தங்களும்

காலை 4.45-க்குக் கிளம்புங்கள். ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், சிங்கப்பெருமாள்கோவில் ஆகியவற்றை 5.30-க்குள் கடந்துவிட்டால் அன்றைய பெரிய நெரிசலைத் தாண்டிவிட்டீர்கள். 7 மணிக்குக் கிளம்பினால் இதே தூரத்துக்கு இரட்டிப்பு நேரம் ஆகும்.

முதல் நிறுத்தம் திண்டிவனம், சுமார் 120 கிலோமீட்டர். 7 மணி வாக்கில் டிபன். இட்லி, பொங்கலில் பொங்கலைத் தவிருங்கள், குறைந்தபட்சம் அடுத்து ஓட்டுபவராவது. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு நேர்ச்சாலையில் ஓட்டுவது கடினம். ஓட்டுநரை இங்கே மாற்றுங்கள்.

இரண்டாவது நிறுத்தம் பெரம்பலூர் பக்கம், சுமார் 270 கிலோமீட்டர். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை எல்லாம் பைபாஸில் போய்விடும், வழியில் நிற்கத் தேவையில்லை. 9.30-க்கு டீ, கழிவறை, மீண்டும் ஓட்டுநர் மாற்றம். பெட்ரோல் பாதிக்குக் கீழே போயிருந்தால் இங்கே நிரப்புங்கள்.

கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் இதை யோசிக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டே போவார்கள். கூட வரும் தோழிகள் கேட்கத் தயங்கி, தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, சுத்தமான ஓட்டலாகப் பார்த்து நிறுத்துங்கள்.

திருச்சியைச் சுமார் 11 மணிக்குத் தாண்டுவீர்கள். அங்கிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக இன்னும் சுமார் 130 கிலோமீட்டர். இந்தக் கடைசிப் பகுதியில்தான் "வந்தாச்சு" என்ற அவசரம் வரும், வேகம் கூடும். வேகம் முழுவதும் 80 முதல் 90 போதும். 110-இல் போனாலும் மொத்தத்தில் மிச்சமாவது கொஞ்ச நேரம்தான், சாவடியிலும் சாப்பாட்டிலும் அது போய்விடும்.

முன்சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது. வழி சொல்வது, போன் எடுப்பது, ஓட்டுபவரின் கண்ணைக் கவனிப்பது அவர் வேலை. பின்சீட்டில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும்.

11. மதுரைக்குள் நுழைவது

மேலூர் வழியாக வந்தால் ஒத்தக்கடை, உத்தங்குடி. மண்டபம் திருப்பரங்குன்றம், பசுமலை போன்ற தெற்குப் பக்கம் என்றால் உத்தங்குடியிலிருந்து ரிங் ரோட்டைப் பிடியுங்கள். அது ஊரைச் சுற்றிக் கப்பலூர் வரை போகிறது. மேப் சில நேரம் தூரம் குறைவு என்று ஊருக்குள் சிம்மக்கல் வழியாக இழுக்கும். மாசி வீதிகளுக்குள் வெளியூர் காரோடு மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் காலி.

மதியம் 1.30-க்குள் ரூம் சேர்ந்து, சாப்பிட்டு, ஓட்டியவர்கள் இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போக ஆசை இருந்தால் மற்றவர்கள் மாலை 4 மணிக்கு மேல் ஆட்டோவில் போய் வரட்டும். காரை எடுக்காதீர்கள். ஜிகர்தண்டாவும் அதே போக்கில் முடிந்துவிடும்.

12. சனி இரவு

ரிசப்ஷனுக்கு 7 மணிக்குப் போய்விடுங்கள். 8 மணிக்கு மேல் மேடையில் வரிசை நீளும், பந்தியிலும் கூட்டம். மேடையில் அவனிடம் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் முதலில் மேடை, அப்புறம் சாப்பாடு.

நண்பர்கள் கூடினால் இரவு குடிப்பது சிலருக்கு வழக்கம். ஞாயிறு காலை ஓட்டப்போகும் இருவரும் தொடக்கூடாது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். நள்ளிரவு வரை குடித்தவர் உடம்பில் காலையிலும் அது மிச்சம் இருக்கும். இதைச் சனி இரவு மேசையில் உட்கார்ந்து விவாதிக்க முடியாது. குழுவில் ஓட்டுநர் பட்டியல் போட்டபோதே சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுநர்கள் 10.30-க்கு ரூமுக்கு. ஆறு மணி நேரத் தூக்கம் கட்டாயம். அன்பாக இழுத்து உட்காரவைப்பார்கள். "காலையில வண்டி எடுக்கணும் மாமா" என்றால் பெரியவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள்.

13. முகூர்த்தமும் மொய்யும்

தாலி கட்டும் நேரத்துக்கு அரை மணி முன்பே மண்டபத்தில் இருங்கள். 9 முதல் 10.30 என்று போட்டிருந்தால் 10 மணிக்குக் கட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஐயர் சொன்னால் 9.10-க்கே கட்டிவிடுவார்கள். இவ்வளவு தூரம் வந்து கெட்டிமேளம் வாசலில் கேட்பது வருத்தமான விஷயம், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மதுரைப் பக்கம் மொய் எழுதும் மேசை தனியாக இருக்கும். பெயர், ஊர், தொகை கேட்பார்கள். மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடா என்றும் கேட்பார்கள், இரண்டு மேசை இருந்தால் கவனமாகப் போங்கள். ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தால் "சென்னை நண்பர்கள்" என்று மட்டும் எழுதவைக்காதீர்கள். அந்த நோட்டு பல வருடம் பீரோவில் இருக்கும், நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய அவர்கள் பெயரைத்தான் தேடுவார்கள். ஐந்து பெயரும் எழுதட்டும்.

அவன் அப்பா அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

14. திரும்பும் பயணம்

12 மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது என்பதால், 11.45-க்குள் கிளம்பாவிட்டால் நண்பனின் அம்மா 1.30 வரை விடமாட்டார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவர் மனது சங்கடப்பட வேண்டாம். அதனால் காலையிலேயே பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ரூம் காலி செய்யும் கணக்கை முடித்து, டயரை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஓட்டுபவர் பந்தியில் பாதி வயிறுதான் சாப்பிட வேண்டும். பாயசம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், தெரியும். இலையில் பரிமாறுபவரிடம் முன்கூட்டியே கை காட்டிவிடுங்கள்.

மதியம் 2 முதல் 4 வரை மறுபடியும் தூக்கம் தள்ளும் நேரம். அப்போது நீங்கள் திருச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருப்பீர்கள். அகலமான, நேரான சாலை. கொட்டாவி தொடர்ந்து வருவது, கடந்து வந்த ஊர் நினைவில்லாமல் இருப்பது, வண்டி கோட்டைத் தொடுவது என்று இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள். ஏசியைக் கூட்டுவது, ஜன்னலைத் திறப்பது, பாட்டை அலறவிடுவது எதுவும் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. ஓட்டல் வளாகத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். அலாரம் வைக்க மறக்காதீர்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் பெரம்பலூர் தாண்டி ஓட்டும்போது கண்ணசந்தான். முன்சீட்டில் இருந்தவள் தோளைத் தட்டியதால் தப்பித்தோம். அதன் பிறகுதான் இரண்டு மணி நேர விதியையும் முன்சீட்டு விதியையும் வைத்தோம், இன்றுவரை யாருக்கும் விலக்கு கொடுத்ததில்லை.

திண்டிவனத்தில் கடைசி நிறுத்தம். இரவுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். செங்கல்பட்டுக்குப் பிறகு நெரிசலில் பசியோடு உட்கார வேண்டியிருக்காது. இங்கிருந்து ஊர்வரை, அன்று குறைவாக ஓட்டியவர் ஓட்டட்டும்.

15. வழியில் வண்டி நின்றால்

இடது ஓரமாக, முடிந்தவரை தார்ச்சாலைக்கு வெளியே நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். எல்லோரும் வண்டியைவிட்டு இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். காருக்குள்ளோ காருக்குப் பின்னாலோ இருக்கக்கூடாது, ஏனென்றால் பின்னால் வருபவர் தூக்கத்தில் இருந்தால் முதல் அடி அங்கேதான்.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்ஸ் 108. எந்த இடம் என்று கேட்பார்கள். ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், கடைசியாகக் கடந்த சாவடியின் பெயரையும் சொல்லுங்கள்.

16. ஞாயிறு இரவு

கடைசி ஆளை இறக்கிவிட்டு கார்க்காரர் வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போட வேண்டும், அதுவரை மற்றவர்கள் விழித்திருக்க வேண்டும். பெட்ரோல், டோல், சாப்பாட்டுக் கணக்கைப் பொருளாளர் அன்றிரவே போட்டுவிடட்டும். மாப்பிள்ளையின் பொறுப்பாளர் அண்ணனுக்கும் "வந்து சேர்ந்துட்டோம்ணே" என்று ஒரு செய்தி.